இடையனைச் சுற்றிய தாள்

அத்தியாயம் பதினான்கு

"பெட்டியை இறக்குங்க" என்று அப்பா சொல்லி மூன்று நாளாகிறது. அன்றிலிருந்து பெரியவளுக்கு ஒரு வாய் சாப்பாடு ஒழுங்காகத் தொண்டையைத் தாண்டவில்லை.

அப்படி என்ன பெட்டி, அதற்கு ஏன் இவ்வளவு கலக்கம் என்று இந்த வாரம்தான் வந்து உட்கார்ந்தவர்கள் கேட்பீர்கள். ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறவர்கள் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுங்கள். சுருக்கமாய்ச் சொல்லிவிடுகிறேன்.

கிறிஸ்துமஸ் குடில் பொம்மைகள் இருக்கிற தகரப் பெட்டி அது. மாதா, சூசையப்பர், பாலன் மூவரும் எல்லோருக்கும் பொது. மற்றதெல்லாம் ஆளுக்கொன்று. முப்பத்தோரு வருஷம் பஸ்ஸில் ஆளேற்றி ஓய்வு பெற்ற அப்பாவுக்கு ஒட்டகம். தெருவே அவரைக் கண்டக்டர் என்றுதான் கூப்பிடும். "இந்த வீட்டுக்கு மாடா உழைக்கிறது நான்தானே" என்று அம்மா தானாகவே மாட்டை எடுத்துக்கொண்டாள். லிஃப்ட் மெக்கானிக்கான சின்னவனுக்கு ஒரு காது உடைந்த ஆட்டுக்குட்டி. ரத்தம் பரிசோதிக்கும் லேபில் வேலை பார்க்கிற பெரியவளுக்கு இடையன்.

ஜனவரி ஆறாம் தேதி குடிலைக் கலைக்கும்போது ஆளுக்கொரு தாள் கிடைக்கும். முந்தின டிசம்பர் மாதத்தில் காலண்டரிலிருந்து கிழித்த தேதித் தாள்களை அம்மா தூக்கிப் போடாமல் சேர்த்து வைத்திருப்பாள். அதன் பின்பக்கம், வரப்போகிற வருஷத்துக்கு ஆண்டவரிடம் என்ன வேண்டுமோ அதை எழுதி, அவரவர் பொம்மையை அவரவர் சுற்றி வைக்க வேண்டும். அடுத்த கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் பெட்டியைத் திறந்து, வீட்டில் யார் கடைக்குட்டியோ அவர் சத்தமாகப் படிப்பார். படித்து முடித்ததும் தாளைத் திருப்பி, அதிலிருக்கிற தேதியைச் சொல்வார். எல்லோரும் ஆமென் சொல்வார்கள்.

ஒன்பது வயதில் சின்னவன், கணக்கு வாத்தியாருக்குக் காய்ச்சல் வரவேண்டும் என்று எழுதினான். அந்த வருஷம் அவருக்கு நிஜமாகவே வந்துவிட்டது. அடுத்த டிசம்பரில் தன் தாளைத் தானே படிக்க நேர்ந்து, பண்டிகை முழுக்க அழுதுகொண்டிருந்தான். கண்டக்டர் பதினோரு வருஷம் விடாமல், "டிரைவருக்கு நல்ல புத்தி கொடும்" என்று எழுதினார். பன்னிரண்டாம் வருஷம் அந்த டிரைவர் மாற்றலாகிப் போனார். புத்தி வந்து போனாரா, வராமல் போனாரா என்று அம்மா சாகும்வரை கிண்டல் செய்துகொண்டிருந்தாள்.

இந்தத் தாளுக்கு ஒரே ஒரு சட்டம்தான். பொய் எழுதக் கூடாது. அம்மா போட்ட சட்டம்.

அந்தச் சட்டத்தில்தான் பெரியவள் மாட்டிக்கொண்டாள்.

போன டிசம்பரில் கண்டக்டருக்கு நெஞ்சில் அறுவை சிகிச்சை. அதே வாரம், "ஒரே அசதியா இருக்குடி, சும்மா ஒரு தடவை பாரேன்" என்று அம்மா கையை நீட்டினாள். பெரியவள் எடுத்தாள், பார்த்தாள். மைக்ராஸ்கோப்பில் தெரிந்தது அசதி இல்லை. லேப் டாக்டரிடம் காட்டினாள். அவரும் பார்த்துவிட்டு, "யாரோடது?" என்று கேட்டார்.

"அப்பாவுக்குத் தையல் ஆறட்டும். அதுவரைக்கும் நீ யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாது. சத்தியம் பண்ணு" என்றாள் அம்மா. தையல் ஆறியதும், தானாகப் படியேறட்டும் என்றாள். படியேறியதும், கடைத்தெரு வரைக்கும் நடக்கட்டும் என்றாள். அவர் நடந்துவிட்டு வந்த ஏப்ரல் மாதத்து நாளில் அம்மா அடுக்களையில் விழுந்தாள். ஜூன் மாதம் அடக்கம்.

"மூணு மாசம் முன்னாடி கூட்டிட்டு வந்திருந்தா ஏதாவது செஞ்சிருக்கலாம்" என்று பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னார். அந்த ஒரு வாக்கியத்தை சின்னவன் இன்றுவரை கீழே வைக்கவில்லை. அம்மாவை முதலில் பார்த்த தெருமுனை கிளினிக் டாக்டர் ஏமாற்றிவிட்டான், கோட்டை விட்டுவிட்டான் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறான். பெரியவள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பாள். வாயைத் திறக்கமாட்டாள்.

மைக்ராஸ்கோப்பில் பார்த்ததும் சத்தியம் செய்ததும் ஜனவரி ஆறாம் தேதி அவள் எழுதிய தாளில் இருக்கிறது. பொய் எழுதக் கூடாதே. உள்ளது உள்ளபடி எழுதி, இடையனைச் சுற்றி வைத்துவிட்டாள். அடுத்த டிசம்பருக்குள் அம்மாவுக்குக் குணமாகிவிடும், எல்லோருமாகச் சேர்ந்து சிரிக்கலாம் என்று நம்பினாள் பாவம். இன்று சாயங்காலம் நான்கு மணிக்கு அந்தத் தாளைச் சின்னவன் சத்தமாகப் படிக்கப்போகிறான்.

போதும். இனி இன்றைய கதை.

*

காலை பத்தரை மணி. லேபில் கூட்டமில்லை. பண்டிகைக்கு முந்தின நாள் ரத்தம் கொடுக்க யாருக்கு ஆசை?

அந்த அறையில் இரண்டு மைக்ராஸ்கோப் உண்டு. ஜன்னலோரம் இருப்பது நல்லது, வெளிச்சம் வரும். ஒரு வருஷமாகப் பெரியவள் அதைத் தொடுவதில்லை. சுவரோரம் இருக்கிற, திருகு ஆடுகிற பழசில்தான் பார்க்கிறாள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் கண்ணுக்கு வெளிச்சம் ஆகவில்லை என்று சொல்ல ஒரு பதில் வைத்திருந்தாள்.

செல்போன் அடித்தது. சின்னவன்.

"எங்கடா இருக்க? காத்துச் சத்தமா வருது."

"ஏழாவது மாடிக்கும் எட்டாவது மாடிக்கும் நடுவுல. லிஃப்ட் மாட்டிக்கிச்சு. உள்ளே ஒரு அம்மா கேக் பெட்டியோட நிக்கிறாங்க. கேக் கோணாம இறக்கணுமாம், அவங்களைப் பத்திக் கூடக் கவலை இல்ல."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. பல மாதத்துக்குப் பிறகு தம்பியின் குரலில் பழைய துள்ளல்.

"அக்கா, நாலு மணிக்கு டாண்னு வந்துடுவேன். எனக்கு முன்னாடி ஒருத்தரும் பெட்டியைத் தொடக் கூடாது, சொல்லிட்டேன்."

"இந்த வருஷம் வேண்டாமேடா. அப்பாவுக்கு மனசு தாங்குமா?"

"அப்பாதானே திறக்கச் சொன்னாரு? நீ ஏன்க்கா முட்டுக்கட்டை போடற? அம்மா கையெழுத்து அதுல இருக்கு. கடைசியா என்ன கேட்டாங்கன்னு எனக்குத் தெரியணும்." கயிறு உரசும் சத்தம் கேட்டது. "மூணு மாசம்க்கா. யாராவது ஒருத்தர் வாயைத் திறந்து சொல்லியிருந்தா..."

"சரி, நீ கயிறைப் பார்த்துப் பிடி" என்று சொல்லி வைத்துவிட்டாள். அன்றைக்கு வந்த ஒரே ஆளுக்கு ரத்தம் எடுக்க இரண்டு தடவை குத்த வேண்டியதாயிற்று. ஊசி அக்கா என்று தெருக் குழந்தைகள் கூப்பிடுகிற அளவுக்குப் பெயர் எடுத்தவள், பத்து வருஷத்தில் முதல் தடவையாக, "மன்னிச்சுக்கோங்க" என்றாள்.

லேப் டாக்டர் எட்டிப் பார்த்தார். "உங்களுக்கு உடம்பு சரியில்லையா?"

"இல்ல சார். வீட்டுல கொஞ்சம் வேலை இருக்கு. மதியமே கிளம்பட்டுமா?"

"கிளம்புங்க, கிளம்புங்க. பண்டிகை நாளும் அதுவுமா இங்க என்ன வேலை?"

அவள் கணக்குப் போட்டிருந்தாள். மதியம் சாப்பிட்டதும் அப்பா ஒரு மணி நேரம் கண்ணயர்வார். இடையனைப் பிரித்து, தாளை உருவிக்கொண்டு, வேறு ஒன்றை எழுதிச் சுற்றிவிடலாம். பழைய டிசம்பர் தாள் ஒன்று ஜெபப் புத்தகத்துக்குள் இருந்தது. அதையும் நேற்றே எடுத்து ஒளித்து வைத்துவிட்டாள். ஆண்டவரிடம் எழுதின தாளைத் திருட ஆண்டவரிடமே பலம் கேட்டுக்கொண்டு பஸ் ஏறினாள். என்ன கேட்கிறோம் என்று அவளுக்கே வெட்கமாகத்தான் இருந்தது.

*

வீட்டுக் கதவைத் திறந்ததும் அவள் கணக்கு மண்ணாய்ப் போயிற்று.

கண்டக்டர் தூங்கவில்லை. கூடத்து நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பெட்டி மடியில். பஸ்ஸில் தோல் பையை அணைத்துக்கொண்டு நிற்பாரே, அதே பிடி.

"நீங்களே இறக்கினீங்களா? ஏணியில ஏறினீங்களாப்பா? டாக்டர் என்ன சொல்லியிருக்காரு?"

"டாக்டர் ஆயிரம் சொல்வாரு. உள்ளே போ, உள்ளே போ. வாசல்லயே நிக்காத. சாப்பிட்டியா?"

"ஆச்சு. குடுங்க, துடைச்சு வைக்கிறேன். ஒரு வருஷத்துத் தூசி."

"துடைச்சாச்சு."

"கயிறு..." என்றவள் அப்போதுதான் பார்த்தாள். பெட்டியைச் சுற்றி அம்மா கட்டிய கயிறு இல்லை. மூன்று முடிச்சுப் போட்டு, முனையை உள்ளே செருகி, யாராலும் அவிழ்க்க முடியாதபடி கட்டியிருப்பாள். அதற்குப் பதிலாக இரண்டு ரப்பர் பேண்ட். டிக்கெட் கட்டுக்குப் போடுவது போல் குறுக்கும் நெடுக்குமாக.

அவள் அந்த ரப்பர் பேண்டைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"இத்துப் போயிருந்துது. எடுத்தப்பவே அறுந்துடுச்சு" என்றார் அவர், கேட்காமலே.

போன ஜனவரியில் வாங்கிய புதுக் கயிறு அது. ஒரு வருஷத்தில் எப்படி இத்துப்போகும்? கேட்டால், உனக்கென்ன அக்கறை என்று அவர் திருப்பிக் கேட்டால்? எதிரில் உட்கார்ந்தாள். சுவரில் ஆணியில் அவருடைய ஜெபமாலை தொங்கிக்கொண்டிருந்தது. ஜூன் மாதத்திலிருந்து அதை அவர் எடுக்கவில்லை. மணிகளில் தூசி படிந்திருந்தது. பெட்டியைத் துடைத்தவர் அதைத் துடைக்கவில்லை.

"சாயங்காலம் பூசைக்கு வரீங்களாப்பா?"

"அவருக்கும் எனக்கும் இன்னும் பேச்சு வார்த்தை இல்ல."

"அப்புறம் குடில் மட்டும் எதுக்கு?"

"அது உங்க அம்மா வீட்டு வேலை. அதை நிறுத்தறதுக்கு நான் யாரு?"

சொல்லிவிட்டால் என்ன என்று ஒரு நிமிஷம் தோன்றியது. இவர் காலைப் பிடித்துக்கொண்டு, அப்பா, எனக்குத் தெரியும், டிசம்பரிலேயே தெரியும் என்று கொட்டிவிடலாம். ஆனால் அதோடு நிற்காதே. ஏன் மறைத்தாய் என்பார். உங்களுக்காகத்தான் என்று சொல்ல வேண்டும். உங்கள் நெஞ்சு ஆறுவதற்காக அம்மா தன் நாட்களைக் கொடுத்துவிட்டாள் என்று இந்த மனுஷனிடம் எந்த வாயால் சொல்வது? சத்தியத்தைக் காப்பாற்றிக் காப்பாற்றி, இப்போது அவளால் இந்தப் பக்கமும் போக முடியவில்லை, அந்தப் பக்கமும் போக முடியவில்லை.

"அப்பா, ஒரு விஷயம்..."

"நாளைக்குச் சொல்லு."

"நான் என்ன சொல்லப்போறேன்னு கூடக் கேக்கலையே?"

"எதுவா இருந்தாலும் நாளைக்கு. இன்னைக்கு அவன் சந்தோஷமா வருவான். அதைக் கெடுக்க வேண்டாம்மா." அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "நீ போய் முகம் கழுவிட்டு வா. பேய் அறைஞ்ச மாதிரி இருக்க."

மூன்று மணி வரை அவள் கூடத்துக்கும் அடுக்களைக்குமாக நடந்தாள். அவர் பெட்டியை விட்டு அசையவில்லை. குளிக்கப் போனபோதுகூடக் கையோடு எடுத்துக்கொண்டு போனார். தனக்குக் கிடைக்காத ஒரு சந்தர்ப்பத்துக்காக யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல், அவள் ஏற்கெனவே கழுவின பாத்திரங்களை மறுபடி கழுவினாள்.

*

நாலு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது சின்னவன் படிகளை இரண்டு இரண்டாகத் தாவி வந்தான். கையில் கிரீஸ் கறை. ஒரு கேக் பெட்டி.

"அந்த அம்மா குடுத்தாங்க. கேக் கோணல. அவங்கதான் கொஞ்சம் கோணிட்டாங்க."

மேஜையில் விரிப்புப் போட்டாயிற்று. கண்டக்டர் பெட்டியை நடுவில் வைத்தார். அம்மாவின் நாற்காலியை யாரும் நகர்த்தவில்லை. அதில் யாரும் உட்காரவும் இல்லை.

வழக்கமாகத் தொடங்கி வைப்பது அப்பாவின் விசில். ஓய்வு பெற்ற நாளில் கையோடு கொண்டுவந்த விசில், ஒரு சின்னத் தோல் உறையில் எப்போதும் சட்டைப் பையில் இருக்கும். இரண்டு ஊது ஊதினால் வண்டி கிளம்பலாம், ஒன்று ஊதினால் நிறுத்து. வீட்டிலும் அதே சட்டம்தான்.

"விசில் எங்கப்பா? ஊதுங்க."

"மூச்சு இல்லடா."

"சும்மா எடுத்தாவது வையுங்க."

"அது எதுக்கு இப்போ?" என்று சட்டைப் பையைக் கையால் மூடிக்கொண்டார். குரலில் தேவையில்லாத எரிச்சல். சின்னவன் அக்காவைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினான். பிறகு மேஜையில் இரண்டு தட்டுத் தட்டி, "போலாம், ரைட்!" என்றான்.

ஜெபம் சொல்ல வேண்டிய இடத்தில் மூவரும் அம்மாவின் நாற்காலியைப் பார்த்தார்கள். கடைசியில் பெரியவளே சொன்னாள். பாதியில் வார்த்தை மறந்துபோய், மறந்த இடத்திலேயே ஆமென் போட்டுவிட்டாள்.

முதலில் ஆட்டுக்குட்டி. சின்னவன் தன் தாளைத் தானே படித்தான். "ஆண்டவரே, அப்பா சீக்கிரம் எழுந்து நடக்கணும். அக்காவுக்கு ஒரு மாப்பிள்ளை அமையணும், ஊசின்னா பயப்படாத ஆளா இருக்கணும்." திருப்பினான். "டிசம்பர் இருபத்தெட்டு."

"ஆமென்" என்றார் கண்டக்டர். "முதல் பாதி கேட்டுட்டாரு. ரெண்டாவது பாதி அவராலயும் ஆகாது." பெரியவளும் சிரித்தாள். சிரிப்பு முடிந்த இடத்தில் அம்மா ஏதாவது சொல்லியிருப்பாள். அந்த இடம் அப்படியே காலியாக நின்றது.

அடுத்து ஒட்டகம். சின்னவன் படிக்கப் படிக்கக் குரல் இறங்கியது. "ஆண்டவரே, பிழைக்க வைத்தீர். நன்றி. மிச்ச நாளை எல்லாம் இவளோடு உட்கார்ந்து கழிக்க விடும். இதுவரை வண்டியிலேயே போய்விட்டது."

தேதியைச் சொல்ல அவனுக்கு நேரமாயிற்று. சொன்னான். ஆமென் சொல்ல வேண்டிய அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்போ அக்கா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு இடையனை எடுத்தான்.

பெரியவள் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். எழுந்து பிடுங்கிவிடலாமா? இப்போதுகூட முடியும். கேக் வெட்டலாம் என்று சொல்லலாம், மயக்கம் வருகிறது என்று விழலாம். ஒன்றும் செய்யவில்லை. அவன் பிரித்துவிட்டான்.

"ஆண்டவரே, எங்கள் நான்கு பேரையும் சுகமாய் வைத்துக்கொள்ளும். அம்மா அதிகம் வேலை செய்யாமல் பார்த்துக்கொள்ளும்."

அவள் காதையே அவள் நம்பவில்லை.

"என்னக்கா, இவ்வளவு படிச்சுட்டு இப்படிச் சப்புன்னு எழுதியிருக்க?"

தாள் அவன் கையில் இருந்தது. எதிர்ப்பக்கத்திலிருந்து அவளுக்கு எழுத்து தெரிந்தது. அவள் எழுத்து மாதிரியே உருண்டை உருண்டையாக எழுதப் பாடுபட்டிருந்தார்கள். ஆனால் ஒவ்வொரு எழுத்தும் வலப்பக்கம் சாய்ந்திருந்தது. இரண்டு இடத்தில் பேனா துள்ளியிருந்தது. ஓடுகிற பஸ்ஸில் நின்றுகொண்டு முப்பத்தோரு வருஷம் எழுதின கை, ஆடாத மேஜையில் எழுதினாலும் அப்படித்தான் எழுதும்.

அவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் பார்க்கவில்லை. காது மடல் சிவந்திருந்தது.

இவருக்குத் தெரியும். எல்லாம் தெரியும். தெரிந்துகொண்டு, என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருக்க, வயதான காலத்தில் உட்கார்ந்து என் எழுத்தைப் பழகியிருக்கிறார். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பயம் போன இடத்தில் அதைவிடப் பெரிதாக ஒன்று வந்து உட்கார்ந்துகொண்டது.

சின்னவன் வழக்கப்படி தாளைத் திருப்பினான். "அக்டோபர் ஒன்பது."

"ஆமென்" என்றார் கண்டக்டர், அவசரமாக. "மாட்டை எடு."

"இருங்க. அக்டோபரா?" தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனான். "அதுவும் இந்த வருஷத்து அக்டோபர். அம்மாவை அடக்கம் பண்ணி நாலு மாசம் கழிச்சு வந்த தேதி. ஜனவரியில கட்டின பெட்டிக்குள்ள எப்படிப்பா வந்துது?"

"அச்சுல ஏதாவது தப்பா..."

"அப்பா!"

அன்றன்றைய டிக்கெட்டை அன்றன்றைக்கே கிழித்துக் கொடுத்துப் பழகிய மனுஷன். அன்றைக்குச் சுவரில் இருந்த தாளைக் கிழித்து அதிலேயே எழுதிவிட்டார். முன்பக்கத்தில் தேதி இருக்கிறது என்பதே அவருக்குத் தோன்றவில்லை. தப்புச் செய்து பழக்கம் இருந்தால் அல்லவா சரியாகச் செய்ய?

"அக்கா, இதை எப்போ எழுதின?"

இரண்டு பேரும் அவளைப் பார்த்தார்கள். அப்பா லேசாகத் தலையை ஆட்டினார். வேண்டாம் என்று.

ஏதோ ஒரு பொய் சொன்னால் போதும். தூசி தட்டும்போது பழசு கிழிந்துவிட்டது, புதிதாக எழுதி வைத்தேன் என்றால் அவன் நம்பிவிடுவான். நம்பத்தான் அவன் ஆசைப்படுகிறான். ஆனால் மேஜையின் மேல் மாடு இருந்தது, இன்னும் பிரிக்காமல், அம்மா சுற்றினபடியே.

"அது நான் எழுதினது இல்லடா" என்றாள்.

"பெரியவளே, சும்மா இரு."

"இல்லப்பா. இந்தத் தாள்ல பொய் இருக்கக் கூடாது. என்னோடது எங்க?"

கண்டக்டர் சட்டைப் பைக்குள் கைவிட்டுத் தோல் உறையை எடுத்தார். அதைக் கவிழ்த்தார். விசில் விழுந்தது. அதோடு, எட்டாக மடித்த ஒரு தாளும் விழுந்தது.

"அக்டோபர்ல ஒரு நாள் எனக்கு ஆத்திரம் தாங்கல" என்றார். "பாலனைத் தூக்கிக் குப்பையில போட்டுடணும்னுதான் ஏணி வச்சு ஏறினேன். அவளைக் காப்பாத்தாதவனுக்கு இங்க என்ன குடில்? கயிறை அறுத்து ஒவ்வொண்ணா எடுத்தேன். பாலன் அடியில இருந்தான். இடையன் மேல இருந்தான். தாள் விலகியிருந்துது." மூச்சு வாங்கினார். "படிச்சதுக்கப்புறம் பாலனைத் தூக்க எனக்குக் கை வரல. மாட்டை மட்டும் தொடல. சத்தியமா தொடல."

சின்னவன் கையை நீட்டினான். "குடுங்க. படிக்கிறேன்."

"வேண்டாம்" என்றாள் பெரியவள். "இதை நானே படிக்கிறேன்."

நின்றுகொண்டு படித்தாள்.

"ஆண்டவரே, அம்மாவின் ரத்தத்தில் நான் பார்த்தது தப்பாக இருக்கட்டும். தப்பாக இருக்காது என்று எனக்குத் தெரியும். அப்பாவின் தையல் ஆறும்வரை யாரிடமும் சொல்லக் கூடாது என்று அம்மா சத்தியம் வாங்கிவிட்டாள். தம்பியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. என் வாயைக் காத்துக்கொள்ளும். அம்மாவையும் காத்துக்கொள்ளும். இரண்டில் ஒன்றுதான் முடியுமென்றால், அம்மாவை."

திருப்பினாள். "டிசம்பர் முப்பத்தொன்று."

ஒருவரும் ஆமென் சொல்லவில்லை.

சின்னவனுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"அந்த டாக்டரைப் போற இடமெல்லாம் திட்டினேன்" என்றான். "அவன் கிளினிக் வாசல்ல போய் நின்னு கத்தினேன். நீ பக்கத்துல நின்னு என் கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்த. அப்பக் கூட நீ சொல்லல."

"ஆமாடா. சொல்லல."

"மூணு மாசம்க்கா."

"தெரியும்."

"தெரியும்னு சொல்லாத!" மேஜையில் ஓங்கிக் குத்தினான். ஆட்டுக்குட்டி உருண்டது. "உங்களுக்கும் தெரிஞ்சிருக்கு. இந்த வீட்டுல நான் ஒருத்தன்தான் ஒண்ணும் தெரியாத மடையன், இல்ல?"

"டேய், அவளைத் திட்டாத" என்றார் கண்டக்டர். அவர் கை தன் நெஞ்சுத் தழும்பின் மேல் இருந்தது. "திட்டறதா இருந்தா என்னைத் திட்டு. இது ஆறணும்னுதானே..." அதற்கு மேல் அவரால் முடியவில்லை.

அவன் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனான். கதவைச் சாத்தவில்லை. படிகளில் தடதடவென்று சத்தம் இறங்கியது.

பெரியவள் எழுந்தவள் நின்றுவிட்டாள். போய்ப் பிடிக்க அவளுக்கு என்ன உரிமை இருக்கிறது? எந்த முகத்தோடு, வாடா என்று கூப்பிடுவது?

கண்டக்டர் மேஜையைத் தடவினார். விசில் கையில் அகப்பட்டது. வாயில் வைத்து, இருந்த மூச்சையெல்லாம் கூட்டி ஊதினார்.

ஒரே ஒரு ஊது. சத்தம் பாதியில் உடைந்து காற்றாகப் போனது.

கீழே செருப்புச் சத்தம் நின்றது.

மேலே வரவில்லை. கீழேயும் இறங்கவில்லை. இரண்டாம் மாடித் திருப்பத்தில், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அவன் நிற்கிறான் என்று இரண்டு பேருக்கும் தெரிந்தது. கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுக்காமல் மகளைப் பார்த்தார்.

அவள் மாட்டை எடுத்துக்கொண்டாள். பிரிக்கவில்லை. இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு கதவுக்கு வெளியே வந்து, மேல்படியில் நின்றாள். தாளுக்கு மேலே அம்மா கட்டிய நூலின் மூன்று முடிச்சும் அவள் விரலுக்குத் தட்டுப்பட்டன.

"அம்மாவோடது இருக்குடா" என்றாள். "நீதான் படிக்கணும்."